சூரியனுக்குள் ஒரு டைனமோ

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில், மின்னியல் துறையின் முன்னாள் மாணவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "உனக்குப் பதினைந்து நிமிஷம்ப்பா. டெக்னிக்கலா பேசு, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். இரண்டும் ஒன்றாகச் சேருமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்குச் சோறு போடுவது மின்மாற்றி. பெரிய துணை மின்நிலையங்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வடிவமைக்கும் வேலை. ஆகவே கோர், காயில், எண்ணெய் என்று ஆரம்பித்துவிடுவேனோ என்று என் நண்பர்கள் பயந்திருக்கலாம். பயப்பட வேண்டாம். நான் பேசப் போவது சூரியனைப் பற்றி. டிரான்ஸ்ஃபார்மர்காரனுக்குச் சூரியனிடம் என்ன வேலை என்று கேட்டால், அதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

92 விநாடி

1989 மார்ச் 13, அதிகாலை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 92 விநாடிக்குள் மொத்த மின்தொகுப்பும் படுத்துவிட்டது. 60 லட்சம் பேர், அந்த ஊரின் மார்ச் மாதக் குளிரில், சுமார் 9 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தவித்தார்கள். அதே நாளில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், சேலம் அணுமின் நிலையத்தின் பெரிய மின்மாற்றி ஒன்று உள்ளே வெந்து சேதமானது. (நம்ம மாம்பழச் சேலம் இல்லீங்க. அங்கேயும் ஒரு சேலம் இருக்கிறது.)

மின்னல் விழவில்லை, மரம் சாயவில்லை. நடந்தது இதுதான். சூரியன் காந்தப்புலம் பின்னிய வாயு மேகம் ஒன்றை வீசி எறிந்தது. அது வந்து மோதியதில் பூமியின் காந்தப்புலம் ஆடியது. காந்தப்புலம் மாறினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பது ஃபாரடே விதி. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள மின்கம்பிகளும் அடியிலுள்ள தரையும் சேர்ந்து ஒரு பெரிய சுற்றாகிவிடுகின்றன. அதில் மிக மெதுவாக மாறும், ஏறக்குறைய டி.சி. போன்ற ஒரு மின்னோட்டம் பிறந்து, எர்த் செய்த நியூட்ரல் வழியாக மின்மாற்றிக்குள் ஏறும். ஏ.சி.க்காகச் செய்த கோரில் டி.சி. ஏறினால் என்ன ஆகும்? மூன்றாம் ஆண்டு தம்பிகள் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரம் கோர் சாச்சுரேட் ஆகும். ஹார்மானிக்ஸ் கொட்டும், சூடேறும். கியூபெக்கில் அந்த ஹார்மானிக்ஸைக் கண்டு, மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக டிரிப் ஆகின. அதோடு கதை முடிந்தது.

இதைப் படித்த பிறகுதான், இந்தக் காந்தப்புலம் சூரியனுக்குள் எங்கே, எப்படி உற்பத்தியாகிறது என்று தேட ஆரம்பித்தேன். கேள்வி சாதாரணமாகத்தான் தெரிந்தது. ஆனால் உலகத்தின் பெரிய மூளைகள் நூறு வருடமாக மல்லுக்கட்டும் கேள்வி அது.

கொதிக்கிற உலை

சூரியனின் ஆரம் சுமார் 7 லட்சம் கிலோமீட்டர். மையத்தில் வெப்பம் ஒன்றரைக் கோடி டிகிரி. அங்கே பிறக்கும் வெப்பம், ஆரத்தில் எழுபது சதவீத தூரம் வரை ஒளியாகவே கசிந்து வருகிறது. மிச்சமிருக்கும் 2 லட்சம் கிலோமீட்டரில், அடுப்பிலிட்ட உலை மாதிரி வாயு கொதிக்கிறது. சூடானது மேலே வரும், ஆறியது கீழே போகும். தொலைநோக்கியில் பார்த்தால் சூரியனின் மேற்பரப்பு முழுவதும் அரிசி இறைத்தது போல் மணிமணியாகத் தெரியும். ஒவ்வொரு அரிசியும் சுமார் 1,000 கிலோமீட்டர் அகலம். அதன் ஆயுள் பத்து நிமிஷம்கூட நிச்சயமில்லை.

குழாயில் ஓடும் நீர் எப்போது சீராக ஓடும், எப்போது கொந்தளிக்கும் என்று 1883-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் சாயம் விட்டுப் பார்த்துச் சொன்னார். ஹைட்ராலிக்ஸ் லேபில் நாமும் செய்த சோதனைதான். ரெனால்ட்ஸ் எண் 2,000-ஐத் தாண்டினால் குழாயில் தகராறு ஆரம்பம். சூரியனில் அந்த எண் லட்சம் கோடியைத் தாண்டும். எந்தக் கம்ப்யூட்டரும் அந்தக் கொந்தளிப்பை முழுசாகக் கணக்குப் போட முடியாது.

போதாததற்கு, அந்த வாயு மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்மா. வெல்லப்பாகில் ஒரு நூலைப் போட்டுக் கரண்டியால் கிண்டுங்கள். பாகு போகிற பக்கமெல்லாம் நூலும் போகும். அது போல, பிளாஸ்மா போகும் இடமெல்லாம் காந்தக் கோடுகளும் இழுபடும். 1940-களில் இதைச் சொன்ன ஸ்வீடன் நாட்டு ஹான்னஸ் ஆல்வேன் ஒரு மின்பொறியியல் ஆள் என்பதில் நமக்கெல்லாம் கொஞ்சம் பெருமை உண்டு. 1970-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நூலை இழுத்தால் அது பதிலுக்கு இழுக்குமல்லவா? காந்தக் கோடும் அப்படியே பிளாஸ்மாவை இழுக்கும். யார் யாரை இழுக்கிறார்கள் என்பதுதான் இந்த இயலின் மொத்தச் சண்டையும்.

புள்ளிகள் சொன்ன சேதி

சூரியனில் கரும்புள்ளிகள் இருப்பது பழைய செய்தி. அவற்றின் எண்ணிக்கை ஏறி இறங்குகிறது என்று 1843-இல் ஷ்வாபே என்ற ஜெர்மானியர் அறிவித்தார். ஒரு சுற்று சுமார் 11 வருடம். 1908-இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் ஜார்ஜ் ஹேல், புள்ளிகளில் கடுமையான காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்தார். பெரிய புள்ளிகளில் 3,000 காஸ் வரை இருக்கும். நம் பூமியில் அரை காஸ்தான். அந்தப் புலம் கொதிப்பையே அமுக்கிவிடுகிறது. கீழிருந்து சூடு வராததால் அந்த இடம் ஆறிக் கறுக்கிறது.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. அடுத்த வருடமே, 1909-இல், கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட், புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். உலகப் பாடப்புத்தகங்களில் அது இன்றும் எவர்ஷெட் விளைவுதான். 1904-லிருந்து கொடைக்கானலில் எடுத்து வந்த சூரியப் படங்கள் நூறு வருடத்துக்கும் மேலான ஒரு பொக்கிஷம். நாமெல்லாம் டூர் போய் பிரயண்ட் பார்க்கிலும் ஏரியிலும் பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்பிய அதே கொடைக்கானல்தான்!

மெஷின் லேப் நினைவிருக்கிறதா?

இப்போது எல்லோரும் கொஞ்சம் மெஷின் லேபுக்குள் வாருங்கள். டி.சி. ஷண்ட் ஜெனரேட்டர். வைவாவில் அத்தனை பேரையும் கேட்ட கேள்வி, "பேட்டரியே இல்லாம இது எப்படிப்பா பில்ட்-அப் ஆகுது?" பதில்: இரும்பில் கொஞ்சம் எச்சக் காந்தம் இருக்கிறது. அதில் ஆர்மேச்சர் சுற்றும்போது சிறிய மின்னோட்டம் வரும். அது ஃபீல்டை வளர்க்கும், வளர்ந்த ஃபீல்டு மின்னோட்டத்தை வளர்க்கும். வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் இது நடக்கும்.

சூரியனும் இதே மாதிரி தானே தூண்டிக்கொள்ளும் டைனமோ என்று 1919-இல் லார்மர் சொன்னார். ஆனால் நம் லேப் மெஷினில் இன்சுலேஷன் போட்ட கம்பி இருக்கிறது, பிரஷ் இருக்கிறது, எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்று வைண்டிங் டயகிராம் இருக்கிறது. சூரியனில் எல்லாமே ஒரே கடத்தி. எங்கு பார்த்தாலும் ஷார்ட் சர்க்யூட்! 1933-இல் கௌலிங் இன்னொரு குண்டைப் போட்டார். அச்சைச் சுற்றி முழுச் சமச்சீராக இருக்கும் காந்தப்புலத்தை எந்த ஓட்டமும் இப்படிக் காப்பாற்ற முடியாது என்று கணிதமாகவே நிரூபித்துவிட்டார்.

வழி கிடைத்தது 1955-இல், யூஜின் பார்க்கரிடமிருந்து. அதில் இரண்டு படி. சூரியனின் நடுப்பகுதி 25 நாளில் ஒரு சுற்று சுற்றுகிறது, துருவப் பகுதிக்குச் சுமார் 35 நாள் ஆகிறது. எனவே வடக்கு தெற்காகக் கிடக்கும் காந்தக் கோடு, பம்பரத்தில் சாட்டை சுற்றுவது போல் சூரியனின் இடுப்பைச் சுற்றிக்கொள்கிறது. இது முதல் படி. கொதித்து மேலே வரும் வாயு, நம் வங்கக் கடல் புயல் சுழல்வது போலவே, சூரியனின் சுழற்சியால் முறுக்கிக்கொள்கிறது. அது தூக்கி வரும் காந்தக் கோடும் முறுக்கிக்கொண்டு, மறுபடி வடக்கு தெற்காகத் திரும்புகிறது. இது இரண்டாம் படி. ஒழுங்கில்லாத கொந்தளிப்பே, சுழற்சியோடு சேரும்போது, ஒழுங்கான காந்தப்புலத்தைக் கட்டி எழுப்புகிறது. சமச்சீர் குலைந்ததால்தான் டைனமோ ஓடுகிறது.

மெஷின் எந்த அறையில்?

சரி, டைனமோ இருக்கிறது. எந்த ஆழத்தில் இருக்கிறது? உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் சூரியன் மணி போல அதிர்கிறது. சுமார் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அதன் மேற்பரப்பு ஏறி இறங்குவதை 1960-களின் தொடக்கத்தில் லெய்ட்டன் குழுவினர் கண்டார்கள். பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரி, அந்த அதிர்வுகளை வைத்து உள்ளே எது எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று கணக்கிடலாம். இதற்காக 1995-இல் தொடங்கிய ஆறு நிலையங்களின் உலகச் சங்கிலியில் நம் உதய்பூரும் ஒன்று.

அதில் இரண்டு விஷயம் தெரிந்தது. கொதிக்கும் பகுதியின் அடியில், 2 லட்சம் கிலோமீட்டர் ஆழத்தில், சுழற்சி சட்டென்று மாறும் ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. அதற்கு டாக்கோக்லைன் என்று பெயர். மேற்பரப்பை ஒட்டி, ஆரத்தில் ஐந்து சதவீத ஆழத்துக்கு, அதாவது சுமார் 35,000 கிலோமீட்டருக்கு, இன்னொரு அடுக்கு இருக்கிறது. அங்கே உள்ளிருந்து வெளியே வரவர சுழற்சி குறைகிறது.

பல வருடங்களாகப் பெரும்பாலோர் ஆழத்து அடுக்கின் பக்கம்தான் நின்றார்கள். ஆனால் அங்கே பிறக்கும் காந்தப்புலம் 2 லட்சம் கிலோமீட்டர் கொந்தளிப்பைத் தாண்டிக் கிழியாமல் மேலே வர வேண்டுமானால், அதற்குச் சுமார் ஒரு லட்சம் காஸ் வலிமை வேண்டும். அவ்வளவு வலிமை எங்கிருந்து வரும்? மேலும், டாக்கோக்லைனே இல்லாத, மையம் வரை கொதிக்கும் சின்ன நட்சத்திரங்களும் சூரியனைப் போலவே காந்தச் சுறுசுறுப்பு காட்டுகின்றன என்று 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. அப்படியானால் அந்த அறையில்தான் மெஷின் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சென்னை மாணவர் எழுதி வைத்தது

இங்கே ஒரு பழைய கட்டுரை உள்ளே வருகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-இல் கப்பலேறிய எஸ். சந்திரசேகரை உங்களுக்குத் தெரியும். 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். நட்சத்திரங்களின் எடை வரம்புக்காக அவரைக் கொண்டாடுகிறோம். 1960-இல் அவர் வேறொரு கணக்கு போட்டார். இரண்டு சுழலும் உருளைகளுக்கு நடுவே மின்கடத்தும் திரவம், அதில் ஒரு காந்தப்புலம். அது நிலையாக ஓடுமா? ரஷ்யாவின் வெலிகோவ் முந்தைய வருடமே இதைத் தொட்டிருந்தார். இருவரும் கண்ட விடை விசித்திரமானது. காந்தம் இல்லாதபோது நிலையாக இருக்கும் ஓட்டம், மிகச் சிறிய காந்தப்புலம் சேர்ந்தாலே நிலைகுலையும்!

ஏன் என்று மைதானத்தில் பார்க்கலாம். உள்தடத்தில் ஒருவர், வெளித்தடத்தில் ஒருவர் ஓடுகிறார்கள். இருவரையும் ஒரு ரப்பர் கயிறு கட்டியிருக்கிறது. அந்தக் கயிறுதான் காந்தக் கோடு. உள்ளே இருப்பவர் சீக்கிரம் சுற்றி முந்துகிறார். கயிறு அவரைப் பின்னே இழுக்கிறது, வெளியே இருப்பவரை முன்னே இழுக்கிறது. கோண உந்தம் உள்ளிருப்பவரிடமிருந்து வெளியிருப்பவருக்குப் போகிறது. இழந்தவர் இன்னும் உள்ளே சரிகிறார். அங்கே சுற்று இன்னும் வேகம். பெற்றவர் இன்னும் வெளியே விலகுகிறார். கயிறு மேலும் இழுபடுகிறது, பிடுங்கல் மேலும் கூடுகிறது. கட்டுப்பாடே இல்லாத பாசிட்டிவ் ஃபீட்பேக். வேடிக்கை என்னவென்றால், கயிறு பலவீனமாக இருந்தால்தான் இது நடக்கும். முரட்டுக் கயிறாக இருந்தால் இருவரையும் சேர்த்துப் பிடித்து நிறுத்திவிடும்.

சந்திரசேகர் இதை 1961-இல் வெளியான தன் நிலைத்தன்மை நூலில் சேர்த்தார். 600 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம். அந்த முடிவு முப்பது வருடம் யாரும் அதிகம் சீண்டாமல் கிடந்தது. 1991-இல் பால்பஸ், ஹாலி என்ற இருவர், கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டு ஏன் உள்ளே விழுகிறது என்ற புதிருக்குச் சாவி இதுதான் என்று கண்டுபிடித்தார்கள். 2022-இல் பிரின்ஸ்டனில், அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் ஓர் உலோகக் கலவையைச் சுழலும் உருளைகளுக்கு நடுவே ஊற்றி, சோதனைச்சாலையிலும் இதன் அடையாளத்தைப் பார்த்தார்கள்.

2024 மே மாதம் அதே கயிறு சூரியனுக்கு வந்து சேர்ந்தது. ஜெஃப்ரி வாசில், டேனியல் லெக்கோனே, கீட்டன் பர்ன்ஸ் முதலானோர் 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். மேற்பரப்பை ஒட்டிய அடுக்கில் சுழற்சி வெளிநோக்கிக் குறைகிறது. இந்த நிலையின்மைக்கு வேண்டியது அதுதான். அந்த அடுக்கில் கணக்கு போட்டால், நடுக்கோட்டை நோக்கி நகரும் காந்தப் பட்டைகளும், 1980-லிருந்தே தெரிந்த வேகமான, மெதுவான சுழற்சிப் பட்டைகளும் சூரியனில் பார்ப்பது போலவே கிடைக்கின்றன. அப்படியானால் மெஷின் அறை 2 லட்சம் கிலோமீட்டர் ஆழத்தில் இல்லை, சுமார் 32,000 கிலோமீட்டர் ஆழத்துக்குள் இருக்கிறது!

வாதம் இத்தோடு முடியவில்லை. அந்த மேலடுக்கில்தான் கொதிப்பு மிக மூர்க்கமாக நடக்கிறது. அந்த அமளிக்கு நடுவே இந்த மெல்லிய கயிறு தன் வேலையைச் செய்யுமா என்பது நியாயமான கேள்வி. கணக்கில் கொந்தளிப்பை எளிமையாக்கித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆழத்துக் கட்சிக்காரர்களும் இன்னும் கொடியை இறக்கவில்லை.

நமக்கு என்ன?

மெஷின் எந்த அறையில் இருந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். முன்னறிவிப்புக்கு அதுதான் அடிப்படை. 2019-இல் நிபுணர் குழு, அடுத்த சுற்றின் உச்சத்தில் புள்ளி எண்ணிக்கை சுமார் 115 என்றது. 2024-இல் அது 160-ஐத் தொட்டது. 2022 பிப்ரவரியில் ஒரு சிறிய காந்தப் புயலில், ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 விழுந்தன. 2024 மே 10, 11 தேதிகளில் இருபது வருடத்தில் காணாத புயல் வந்து, லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்தது. பூமியின் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நம் தென்னிந்திய மின்மாற்றிகளுக்குக் கியூபெக் அளவு ஆபத்து இல்லை. ஆனால் செயற்கைக்கோள் எல்லோருக்கும் பொது. ஒரு பெரிய மின்மாற்றி போனால் புதிதாகச் செய்து கொடுக்க ஒரு வருடம் தாண்டியும் ஆகும் என்பது என் தொழில் அனுபவம். ஒரு வாரம் முன்னால் நம்பத் தகுந்த எச்சரிக்கை கிடைத்தால் அதன் மதிப்பு என்ன என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கண்களும் கூடிவிட்டன. நம் ஆதித்யா எல்1, 2023 செப்டம்பர் 2-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6-இல் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தன் இடத்தை அடைந்தது. திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி அவர்கள். அது சூரியனின் உள்ளே பார்ப்பதில்லை. உள்ளே பிறந்த காந்தம் வெளியே செய்யும் அட்டகாசத்தைப் பார்க்கிறது. ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டர் 2025 மார்ச்சில் 17 டிகிரி சாய்விலிருந்து சூரியனின் தென் துருவத்தைப் படம் பிடித்தது. டைனமோவின் அடுத்த சுற்றுக்கு விதை விழும் இடம் துருவம்தான்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் நிலையின்மை என்றால் விரட்ட வேண்டிய பேய் என்று படிக்கிறோம். நம் மெஷினில் அது பேய்தான். சூரியனிலோ, 11 வருடத் தாளத்தை ஓட்டுவதே ஒரு நிலையின்மைதானோ என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். "எக்ஸாமுக்கு வராது" என்று தள்ளிவிடும் அந்த ஸ்டெபிலிட்டி அத்தியாயத்தை ஒரு தடவை முழுசாகப் படித்துப் பாருங்கள். சந்திரசேகர் கணக்கு போட்டபோது அது எதற்குப் பயன்படும் என்று அவரிடம் யாராவது கேட்டிருந்தால், பதில் வர முப்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

2024 கணக்கை எழுதியவர்கள் உருவாக்கிய டெடலஸ் என்ற கம்ப்யூட்டர் நிரல் இலவசம். கொடைக்கானல் படங்களும் கணினிமயமாகிவிட்டன. கடைசி வருட புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைபவர்கள் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைப் பிடியுங்கள். சூரியனின் மெஷின் அறை எது என்று சொல்லும் வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.